கை நுழைய வேண்டும், கொசு நுழையக் கூடாது

திண்டிவனம்,
26-6-1962, செவ்வாய்க்கிழமை.

முகையூர் முகாமில் ஜீப்பும் டிரெயிலருமாக எழுந்தருளியிருக்கும் மாப்பிள்ளை சிரஞ்சீவி வேங்கடேசன் அவர்களுக்கு, மாமனார் பாண்டுரங்கன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நான், உங்கள் மாமியார் தையல்நாயகி, உங்கள் மனைவி திலகவதி, ஐந்தாம் மாதம் நடக்கும் உங்கள் மகள் ஆகிய நால்வரும் க்ஷேமம். க்ஷேமம் என்று சொல்லாமல் கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்பதால் அப்படி எழுதினேன். உண்மையில் நால்வரில் மூவர்தான் க்ஷேமம். நான் இல்லை.

நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. "டேங்க் என்ன ஆயிற்று மாமா?" என்று நாலே வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள். பதிலும் நாலு வார்த்தையில் அடங்குமானால் நான் ஏன் மாப்பிள்ளை இத்தனை தாளை வீணாக்கப் போகிறேன்? இந்த நாலு மாதத்தில் நான் பட்ட பாட்டை எழுதினால் பகைவனும் கண்ணீர் விடுவான். நீங்கள் பகைவர் இல்லை, மாப்பிள்ளை. ஆகவே முழுவதையும் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

குற்றம் என் நாக்கினுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூமிக்குள் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் உத்தியோகம் உங்களுக்கு. பதினைந்து நாள் ஓர் ஊர், அடுத்த பதினைந்து நாள் இன்னோர் ஊர். யுத்தத்தில் மிஞ்சிப்போன இரண்டு சக்கர டிரெயிலர் ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதன்மேல் பலகை அடித்து, கூரை போட்டு, உள்ளே இரண்டு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வைத்து, இதுதான் வீடு என்று சொல்லி அதில் என் மகளைக் குடிவைத்தீர்கள். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஊருக்கெல்லாம் தண்ணீர் தேடிக் கொடுப்பவர் வீட்டில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல், போன வருஷம் மாசி மாதம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் ஏதோ ஒரு வாய்க்கால் ஊற்றுத் தண்ணீரைக் குடித்து, அவளுக்கு டைபாய்டு வந்தது. இருபத்தொரு நாள் காய்ச்சல். கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. பார்லித் தண்ணீரை ஸ்பூனில் ஊற்றிக்கொண்டு இருபத்தொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

முப்பத்திரண்டு வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன், மாப்பிள்ளை. முகையூரிலும் திருவெண்ணெய்நல்லூரிலும் நான் பிளீச்சிங் பவுடர் போடாத கிணறு கிடையாது. காலரா வந்த வருஷங்களில் சாவுப் பதிவேட்டை எழுதியதும் இதே கைதான். ஒரே வீட்டில் மூன்று பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் பானை சுத்தமாகத்தான் இருந்தது, தண்ணீரும் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. அதிலிருந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் அதிகம்.

அந்தப் பயத்தில்தான், பேத்திக்குப் பெயர் வைத்த அன்று, பந்தியில் எல்லோர் எதிரிலும், "நல்ல தண்ணீர் டேங்க் ஒன்று அந்த வண்டியில் ஏறாதவரை என் மகள் அந்த வண்டியில் ஏறமாட்டாள்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். ஒரு மாப்பிள்ளை செய்ய வேண்டிய எதையும் செய்யாமல், மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "சரிங்க மாமா. எது பாதுகாப்புன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்களே ஒரு டேங்க்கைப் பாத்து முடிவு பண்ணுங்க. நீங்க சொல்றதைப் பூட்டிக்கினு வந்து கூட்டிக்கினு போறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பந்தி முழுவதும், "மாப்பிள்ளைன்னா இப்படி அமையணும்" என்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அன்று எனக்கு இலையிலேயே பரிமாறப்பட்டது.

பிள்ளை பெற்ற பெண்ணையும் குழந்தையையும் ஒற்றைப்படை மாதத்தில்தான் அனுப்புவது நம் வழக்கம். மூன்றாம் மாதத்தை வெயில் என்று சொல்லித் தள்ளினோம். ஐந்தாம் மாதம் இதோ நடக்கிறது. இந்த ஆனியை விட்டால் ஆடி. ஆடியில் எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பமாட்டார்கள். அது ஆறாம் மாதமும் கூட. ஜோசியர் ஆனி இருபது, புதன்கிழமை என்று குறித்துக் கொடுத்துவிட்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று உங்கள் மாமியார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் புதனுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. டேங்க் இல்லை.

டேங்க் என்றால் என்ன என்று நீங்கள் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சர்வீசில் இருந்தபோது நான் கிராமம் கிராமமாகச் சொல்லி வந்த விதி ஒன்று உண்டு. குடிதண்ணீர்ப் பாத்திரம் என்றால் கழுவுவதற்குக் கை நுழைய வேண்டும், கொசு நுழையக் கூடாது. சொல்லும்போது ஜனங்கள் கைதட்டினார்கள். இப்போது கடைத்தெருவில் இறங்கித் தேடும்போதுதான் தெரிகிறது, கை நுழைகிற எல்லாவற்றிலும் கொசு நுழைகிறது, கொசு நுழையாத எதிலும் கை நுழையவில்லை. இத்தனை வருஷம் நான் ஜனங்களுக்கு என்ன உபதேசம் செய்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் டீசல் பீப்பாய். எண்ணெய்க் கடை சின்னதுரைதான் காலிப் பீப்பாய் ஒன்றை வண்டியில் வைத்து அனுப்பினான். சீயக்காய் போட்டுக் கழுவினோம். சாம்பல், புளி, வாஷிங் சோடா, உமி என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் போட்டுக் கழுவினோம். ஒன்பது முறை கழுவிய பிறகும் தண்ணீர் ஊற்றினால் மேலே வானவில் மிதக்கிறது. சின்னதுரையிடம் போய்ச் சொன்னேன். "அது ஒண்ணும் இல்ல சார். உள்ள ரெண்டு கை வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி வுடுங்க. ஜல்தியா சுத்தமாயிடும்" என்றான். நானும் படித்தவன்தான், இருந்தாலும் கொளுத்தினேன். கொளுத்தியதுதான் எனக்குத் தெரியும். சத்தம் கேட்டு ரயில்வே கேட்டில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பீப்பாயின் மூடி இரண்டு வீடு தாண்டி, அஞ்சம்மாள் மொட்டை மாடியில் காயப் போட்டிருந்த மல்லாட்டைக் கடலையின் நடுவில் போய் உட்கார்ந்தது. நல்லவேளையாக அஞ்சம்மாள் அப்போது கீழே இருந்தாள். மேலே வந்து பார்த்துவிட்டு அவள் என்னைச் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. என் இடது புருவம் இப்போதுதான் முளைத்து வருகிறது. இவ்வளவுக்கும் பிறகு, அந்தப் பீப்பாய்த் தண்ணீரில் உங்கள் மாமியார் பரீட்சைக்கு ஒரு ரசம் வைத்தாள். வாயில் வைத்ததும் மெட்ராஸ் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிடுவதுபோல் இருந்தது.

உலோகமே வேண்டாம், மரம் போதும் என்று அடுத்தாற்போல் எனக்குத் தோன்றியது. கப்பலில் ஆறு மாதம் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரன் மரப்பீப்பாயில்தானே தண்ணீர் வைத்துக் குடித்தான் என்று எங்கோ படித்திருந்தேன். பாண்டிச்சேரியில் ஒரு துரை வீட்டில் சமையல் பார்க்கும் சவுரிராயன் எனக்குப் பழைய சிநேகிதர். அவருக்கு எழுதினேன். அவர் மகராசன், துரை வீட்டில் காலியாகிக் கிடந்த ஒரு ஓக் மரப்பீப்பாயை எனக்காக வாங்கி வைத்துவிட்டார். அதில் முன்பு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காய்ந்த மரம் சுருங்கி ஒழுகும், ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் பலகை பருத்து அடைத்துக்கொள்ளும் என்றார். அப்படியே ஊறவைத்தோம். வழியில் காய்ந்துவிடக் கூடாதே என்று அரைப் பீப்பாய்த் தண்ணீரோடு பஸ்ஸின்மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பாண்டிச்சேரி, இந்தப் பக்கம் மதுவிலக்கு. நடுவில் சோதனைச் சாவடி. அதை நான் மறந்தே போனேன். முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் உப்பைத் தின்றவன் அதை எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாவடியில் ஒரு கான்ஸ்டபிள் பஸ்ஸின்மேல் ஏறிப் பார்த்தான்.

"இது யார்துப்பா பீப்பாய்?"

"என்னுடையதுதான். குடிதண்ணீர்" என்றேன்.

தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தான். விரலை விட்டு நக்கினான். சற்று யோசித்துவிட்டு மறுபடி நக்கினான். மூன்றாவது தடவை நக்கிய பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

"பெரியவரே, ஷோக்கா பிராந்தியைக் கொண்டாந்துட்டு குடிதண்ணின்றே? எறங்கு கீழ."

ஒரு வாரம் ஊறியதில் மரத்துக்குள் இருந்ததெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டிருக்கிறது. நிறம் தேயிலைத் தண்ணீர் மாதிரி. நான் சுகாதாரம் பேசினேன், டைபாய்டு பேசினேன், மகளைப் பற்றிப் பேசினேன், உங்கள் டிரெயிலரைப் பற்றிப் பேசினேன். பேசப் பேச அவனுக்கு நான் குடித்திருக்கிறேன் என்பது ஊர்ஜிதமாகிவிட்டது. அவன் முகத்தில் ஊதச் சொன்னான். ஊதினேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா முகையூரில் என்னிடம் வேலை பார்த்த பழைய பியூன் அந்த வழியாகப் போக வேண்டும்? "ஐயா நீங்களா?" என்று நின்று வணக்கம் வைத்துவிட்டுப் போனான். அவன் பஸ் என் பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. நான் திண்டிவனத்தில் இறங்கும்போது, "பாண்டுரங்கன் சார் பீப்பாயோட மாட்டிக்கினாராமே" என்று கடைத்தெருவில் எனக்கே ஒருவன் செய்தி சொன்னான். பீப்பாயை அங்கேயே கோடாலியால் பிளந்துவிட்டார்கள். பலகைகளை மட்டும் கட்டிக் கொடுத்தார்கள். திலகவதிக்கு வெந்நீர் போட உதவியது. அடுப்பு எரியும்போது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் உற்சாகமாக இருந்தது.

நடுவில் சிமெண்டுத் தொட்டி யோசனை ஒன்றும் வந்தது. இருபது காலன் தண்ணீரே இருநூறு பவுண்டு. தொட்டியையும் சேர்த்தால் உங்கள் ஜீப் இழுக்காது, யானைதான் கட்ட வேண்டும் என்று அதை விட்டுவிட்டேன். விழுப்புரம் பஜாரில் பிளாஸ்டிக் என்று ஒரு புதுச் சரக்கு வந்திருக்கிறது, அதில் வாளி செய்து விற்கிறார்கள். அதை ஒரு நாள் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் அதன் தண்ணீரைக் குடித்தால் பொம்மையை நக்குவதுபோல் இருந்தது.

பிறகு உங்கள் மாமியார் அவளாகவே வந்து, பரணிலிருந்து அவள் சீர் அண்டாவை இறக்கச் சொன்னாள். நல்ல பித்தளை. கை என்ன, ஆளே உள்ளே நுழையலாம். ஈயம் பூசி, மேலே கச்சிதமாக ஒரு மூடியும் அடித்து வாங்கினேன். அடியில் குழாய் வைக்க ஓட்டை போட வேண்டும் என்றதும் அண்டாவின் முன்னால் வந்து நின்றுகொண்டாள். "எங்க அப்பா பேர் வெட்டின அண்டாங்க இது. இதுல ஓட்டை போடணும்னா மொதல்ல என் தலையில போடுங்க" என்றாள். சரி, குழாய் இல்லாமலே பார்ப்போம் என்று, அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு மாட்டு வண்டியில் வைத்துக் கட்டி, மரக்காணம் சாலையில் மூன்று மைல் ஓட்டிப் பார்த்தேன். முதல் மைல் தாண்டுவதற்குள் தண்ணீர் இப்படியும் அப்படியும் அலைந்து மூடியைத் தூக்கி எறிந்தது. வண்டிக்காரன் தலை முழுகினான். மிரண்டுபோன மாடு மீதி இரண்டு மைலை அரை மைல் நேரத்தில் ஓடியது. நின்ற இடத்தில் எட்டிப் பார்த்தால் அண்டாவில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. அதிலும் ஒரு வண்டு நீந்திக்கொண்டிருந்தது. அண்டா மறுபடி பரணுக்குப் போய்விட்டது.

இனித்தான் முக்கியமான விஷயம். மாதா கோவில் பக்கத்தில் தேவசகாயம் என்று ஒரு தகர வேலைக்காரன் இருக்கிறான். டிரங்குப் பெட்டி, பக்கெட்டு, பூவாளி செய்பவன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவன். துத்தநாகப் பூச்சுப் போட்ட கெட்டித் தகட்டில் ஒரு டேங்க் செய்ய முடியுமா என்று கேட்டேன். "செய்யலாங்க" என்றான். தகட்டை ஒட்டவைக்கும் பற்றாசு உள்பக்கம் படக் கூடாது, அதிலிருக்கும் காரீயம் உடம்புக்கு விஷம் என்றேன். "அப்படின்னா ஓரத்தை மடிச்சு ஆணி அடிச்சு, வெளிப்பக்கம் மட்டும் பத்த வெக்கிறேங்க" என்றான். மூலையில் அழுக்குத் தங்கக் கூடாது என்றேன். மூலைகளை வளைத்தான். தண்ணீர் அலையக் கூடாது என்றேன். உள்ளே ஒரு தடுப்பு வைத்தான். தடுப்பு வைத்தால் அந்தப் பக்கம் கை எட்டாதே என்றேன். தடுப்பைக் கழற்றி மாட்டும்படி செய்தான். கை நுழைகிற அளவுக்கு வாய் வைத்து, அதற்கு ரப்பர் வளையம் போட்ட திருகு மூடி. காற்று வாங்கும் துவாரத்துக்குக் கொசு நுழையாத சல்லடை. கடைசிச் சொட்டு வரை வடிய அடியில் ஒரு சரிவு, சரிவின் முடிவில் குழாய். நான் பதினொரு குறை சொன்னேன், மாப்பிள்ளை. பதினொன்றையும் முகம் சுளிக்காமல் சரிசெய்தான். இப்படிப்பட்ட ஒரு மனிதனிடம் போய் மாட்டிக்கொண்டேனே என்று எனக்கு உள்ளுக்குள் நடுங்கிவிட்டது.

போன வியாழக்கிழமை அவனே சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து இறக்கினான். கூடத்தில் இரண்டு கட்டைமேல் வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரால் நிரப்பினோம். வெள்ளி பார்த்தேன், நாற்றம் இல்லை. சனி பார்த்தேன், நிறம் மாறவில்லை. நானே குடித்தேன், வயிறு ஒன்றும் சொல்லவில்லை. திலகவதி குழந்தையை டேங்கின்மேல் உட்கார்த்தி வைத்தாள். அது உள்ளங்கையால் தட்டியது. டம் என்று சத்தம் வந்தது. மறுபடி தட்டிவிட்டு இத்தனை நாள் சிரிக்காத ஒரு சிரிப்புச் சிரித்தது. "பாத்தியாப்பா, அவளுக்குப் புடிச்சிப்போச்சு" என்றாள் உங்கள் மனைவி. அன்றே கொடியிலிருந்த குழந்தைத் துணிகளை எடுத்து மடித்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கூடம் முழுவதும் தண்ணீர். டேங்கின் அடிப்பக்கத்தில் பட்டாணி அளவு ஓட்டை.

நான் என்ன செய்வது? தேவசகாயத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். வாசலில் வைத்தே, தெருவில் நாலு பேர் நிற்கும்போதே, "இதுதான் நீ செய்த லட்சணமா? இதை நம்பி ஒரு பச்சைக் குழந்தையை அனுப்ப இருந்தேனே" என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் குனிந்து ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தான். மூடியைத் திருகிக் கையை உள்ளே விட்டு அந்தப் பக்கத்தையும் தடவினான்.

"ஐயா, இருவது வருசமா தகரம் அடிக்கிறேன். நான் செஞ்ச ஒரு பக்கெட்டு ஒழுவுதுன்னு யாரும் திருப்பிக் கொண்டாந்ததில்லீங்க" என்றான். பிறகு மெதுவாக, "துருப்புடிச்சி வுட்ட ஓட்டையும் இல்ல இது, பத்தவெச்சது வுட்ட ஓட்டையும் இல்ல. தகடு உள்ளாற மடிஞ்சிக்கினு இருக்குதுங்க. வெளிய இருந்து எறங்கின ஆணி" என்றான்.

என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான். டேங்கைச் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போனான். நேற்று அடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பி குடிக்கச் சொன்னதற்கு வேண்டாம் என்று போய்விட்டான். கையாலாகாதவன் பேசுகிற பேச்சுத்தான் அது என்று நான் வீட்டில் சொல்லிவிட்டேன். எலியாகவும் இருக்கலாம் என்று சொன்னேன். எலி தகரத்தைக் கடிக்குமா என்று உங்கள் மாமியார் கேட்டாள். திண்டிவனத்து எலியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

ஆகவே மாப்பிள்ளை, ஒரு தடவை ஓட்டையான டேங்கை நம்பிக் குழந்தையை அனுப்ப என் மனம் இடம் கொடுக்கவில்லை. தென்னாற்காடு ஜில்லா முழுவதும் தேடியாகிவிட்டது. பாதுகாப்பான குடிதண்ணீர் டேங்க் என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லை என்பதே என் முடிவு. ஆனி போகட்டும். ஆடி போகட்டும். ஏழாம் மாதம் ஆவணியில் மழை தொடங்கினாலும் தொடங்கும், உங்கள் டிரெயிலர்க் கூரையை நம்ப முடியாது. ஒன்பதாம் மாதம் அடைமழை. தையில் குழந்தைக்கு ஆண்டு நிறைவு வைத்துக்கொண்டு பிறகு யோசிக்கலாம். அதுவரை நீங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அல்லது விழுப்புரத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது உங்கள் இலாகாவில் இருக்கிறதா என்று மேலதிகாரியைக் கேட்டுப் பார்க்கலாம். பூமிக்குள் இருக்கிற தண்ணீர் எங்கேயும் ஓடிப்போய்விடாது.

வெயிலில் அலையாதீர்கள். எந்த ஊரில் தண்ணீர் குடித்தாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். உங்கள் தாயார் தகப்பனாருக்கு என் நமஸ்காரம். நீங்கள் தோண்டுகிற இடமெல்லாம் ஊற்றுப் பொங்கி, நூறாண்டு நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்,
தி. பாண்டுரங்கன்
(ஓய்வுபெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், "அவருக்கு இன்னா எழுதினேன்னு படிச்சிக் காட்டுப்பா" என்றாள் திலகவதி. படித்துக் காட்டினேன். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே முழுவதும் கேட்டாள். சின்னதுரையின் வைக்கோலுக்குச் சிரித்தாள். கான்ஸ்டபிளுக்கும் சிரித்தாள். தேவசகாயம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கட்டை விரல் நசுங்கிப்போச்சே, அதுக்கு மருந்து போட்டியாப்பா?"

கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கதவு இடுக்கில் இல்லை மாப்பிள்ளை. ஞாயிறு மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். உலக்கை விழும்போதெல்லாம் அந்தச் சத்தத்தோடு சேர்த்து நானும் ஒரு அடி அடித்தேன். நாலு அடியில் மூன்று ஆணியின்மேல் விழுந்தது.

அவள் பெட்டியில் துணி அடுக்கியதைப் பார்த்த பிறகு எனக்குப் புத்தி நிலையில்லை. அந்த டேங்க்கில் ஒரு குறையும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு பாதுகாப்பான பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. மேலே எழுதியதில் மற்றதெல்லாம் நடந்ததுதான், முடிவு மட்டும் பொய். தண்ணீருக்குப் பயந்தேன் என்பது உண்மை. அந்தப் பயம் டேங்க் வந்ததும் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது வேறு பயம். குழந்தை போன மறுநாள் காலையில் இந்த வீடு எப்படி இருக்கும் என்ற பயம். அதைப் பெற்ற தகப்பன் நீங்கள், நாலு மாதமாக டிரெயிலரில் தனியாகப் படுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டும்.

நாளைக் காலையில் மாதா கோவில் தெருவுக்குப் போகிறேன். தேவசகாயத்தைத் தெருவில் வைத்துச் சொன்னதை, அவன் தெருவில் நாலு பேர் நிற்கும்போது நானே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "வாணாம்பா, அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வேணும், அப்படியே அனுப்பு" என்று உங்கள் மனைவி சொல்லிவிட்டாள். ஆனி இருபது, புதன்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னால் ஜீப்பையும் டிரெயிலரையும் கொண்டுவாருங்கள். அன்று நான் எங்கேயாவது வெளியூர் போய்விடலாம் என்று இருந்தேன். விடமாட்டேன் என்கிறாள். டேங்கை வண்டியில் பூட்டியதும் முதல் குடம் தண்ணீரை நான்தான் ஊற்ற வேண்டுமாம்.